யாரைக் காணோம்?

வயதானவர்களுக்குச் செல்போன் கற்றுக் கொடுப்பது பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கோயிலில் கூரையைப் பிரித்து வேலை நடக்கிறது. முடிய ஆறு மாசமாவது ஆகும். ஆராதனையைச் செல்போனில் போடுகிறார்கள். ஆனாலும் சபை ஜனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள் போலிருக்கிறதே, என்ன செய்வது?"

கோயில் என்று அவர் சொல்வது வேதக்கோயிலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் கோயில் என்றேதான் சொல்லுவோம். போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. மற்றச் சகோதரிகள் குழம்ப வேண்டாம். பஜனைக் குழுவானாலும் மாதர் சங்கமானாலும் கூடுகிற இடத்தைப் பூட்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே பாடுதான்.

இந்த விஷயத்தில் எங்களுக்கு இரண்டு தடவை அனுபவம் ஆயிற்று. 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு என்றார்கள். 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் பூட்டு. எங்களுக்கோ அது லெந்து காலம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். வருஷத்திலேயே கோயிலில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கிற நாட்கள் மூன்றும் ஒரே வாரத்துக்குள் போயின. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டு இடங்களும் திறந்தது செப்டம்பர் 1-ல்தான். அடுத்த வருஷம் ஏப்ரல் 26-ல் மறுபடி மூடி, ஜூலை 5-ல் திறந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் ஐயர் தனியாகக் கோயிலில் நின்று பிரசங்கம் பண்ண, பாடகர் குழுப் பையன் ஒருவன் செல்போனில் படம் பிடித்துப் போட்டான். இருநூறு பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று திரை காட்டியது. எங்கள் சபையில் குடும்பமே நூற்றுச் சொச்சம்தான். எல்லோருக்கும் பெருமை! பம்பாய் மகனும் மஸ்கட் மருமகளும் பார்த்தார்களாம். ஆனால் அந்த இருநூறில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை எண் சொல்லுமா?

கோயிலில் அப்படியில்லை. பெண்கள் பக்கம் தூணை ஒட்டி மூன்றாவது பெஞ்சு என்றால் அது ஓர் ஆச்சியின் இடம். வேறு யாரும் உட்கார மாட்டோம். அந்த இடம் ஒரு ஞாயிறு காலியாக இருந்தால் ஆராதனை முடிவதற்குள் நாலு பேர் கண்ணில் பட்டுவிடும். "ஆச்சியைக் காணோமே" என்று வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்போம். இதை யாரும் ஊழியம் என்று பெயர் வைத்துச் செய்ததில்லை.

அந்த ஆச்சிக்குத்தான் ஏப்ரல் மூன்றாவது வாரம் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோயிற்று. பஸ் ஓடவில்லை. மகன் வெளிநாட்டில். அவர்களிடம் இருப்பதோ பட்டன் போன், அதிலும் வருகிற அழைப்பை எடுக்கத்தான் தெரியும். அரிசி கொடுக்கப் போன ஐயரம்மா, தலை சுற்றி வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து விசாரித்தபோது, மாத்திரை போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா ஆச்சி என்று கேட்டதற்கு, "கோயில் இருந்தா உங்கிட்ட சொல்லியிருப்பேன்மா. இப்ப யாரைக் கூப்பிட்டுச் சொல்ல?" என்றார்களாம். ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறி, பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். சகோதரிக்கு நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். காமிராவும் மைக்கும் அப்புறம். வீட்டு வரிசைப்படி பெயர் எழுதி, எதிரே மூன்று கட்டம். தொடுதிரைப் போன் உள்ள வீடு, பட்டன் போன் வீடு, போனே இல்லாத வீடு. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், செல்போன் ஆராதனை எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று. போன் இருக்கும், ஆனால் அது மருமகன் பையில் இருக்கும். அவர் வேலைக்குப் போனால் ஆராதனையும் கூடவே போய்விடும்! அந்த வீட்டை மூன்றாவது கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

பிறகு ஒருத்திக்குப் பத்து வீடு என்று பிரித்துக் கொண்டோம். அடுத்தடுத்த வீடாக இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட வேண்டும். "சௌகரியமா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் சௌகரியம் என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் கேள்விகள் வேறு. மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? நேற்று என்ன சமைத்தீர்கள்? கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "கஞ்சிதான்" என்று மூன்று வாரம் தொடர்ந்து பதில் வந்தால், அதற்கு அர்த்தம் உண்டு. மூன்று தடவை மணி அடித்தும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் போய் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

பட்டன் போன்காரர்களை விட்டுவிடாதீர்கள். சாதாரணப் போனிலேயே ஒருவரைக் கூப்பிட்டு, அவரை இருக்க வைத்து, இன்னொருவரைக் கூப்பிட்டு இணைக்கலாம். இப்படி ஐந்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். இன்டர்நெட் வேண்டாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு, உலை வைத்த பிறகு, ஐந்து ஆச்சிமாரை நான் இணைத்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணுவேன். ஜெபம் அஞ்சு நிமிஷம், முட்டுவலி இருபது நிமிஷம். அதுவும் வேண்டியதுதான். இப்போது வாட்ஸப்பில் முப்பத்திரண்டு பேர் வரை சேர்ந்து பேசலாம். 2020-ல் முதலில் நாலு பேர்தான், ஏப்ரல் கடைசியில் எட்டாக்கினார்கள். என்றாலும் கேட்கிற காது மந்தமான பெரியவர்களுக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்த்தால் இரைச்சல்தான் மிச்சம்.

பாட்டு விஷயம் சொல்ல வேண்டும். ஜூமில் முதல் தடவை நாற்பது வீடு கூடிக் கீர்த்தனை பாட ஆரம்பித்தோம். ஐயோ, அதைக் கேட்டிருக்க வேண்டும்! குளத்தங்கரைத் தவளை தேவலை. எங்கள் வீட்டுப் பையன்தான் காரணம் சொன்னான். ஒவ்வொரு வீட்டுக் குரலும் இன்டர்நெட் வழியாகப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் வீட்டுக்கு வீடு வேறு. போதாததற்கு, பலமான குரலை மேலே தூக்கி மற்றவற்றை அமுக்கும்படி அந்த ஏற்பாடே செய்யப்பட்டிருக்கிறதாம். ஆக, சேர்ந்து பாடவே முடியாது. ஒரே ஒரு வீட்டு மைக் திறந்திருக்க, அவர்கள் பாட, மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டு அவரவர் வீட்டில் உரக்கப் பாட வேண்டும். பாடுகிற வீடு வாரம் ஒன்றாக மாறட்டும். கோயிலில் வாயே திறக்காத ஒரு மருமகப் பெண் அப்படிப் பாடப் போய், இன்று பாடகர் குழுவில் இருக்கிறாள்.

ஜூமில் காசு கட்டாமல் கூட்டம் போட்டால் நாற்பது நிமிஷத்தில் தானே அறுந்துவிடும். இதை ஒரு குறை என்று சொல்ல மாட்டேன். பிரசங்கத்தைச் சுருக்க எங்கள் சபைக் கமிட்டியால் முடியாததை அது முடித்துக் கொடுத்தது! பத்து நிமிஷம் முன்னாலேயே திறந்து வையுங்கள். "அத்தை, கேக்குதா?" "கேக்குது மக்கா, உன் மூஞ்சியத்தான் காணோம், மோட்டுவளைதான் தெரியுது" என்கிற அந்தப் பேச்சுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். போனைக் கையில் பிடித்துக் கொண்டிருக்க வேண்டாம், கழுத்து வலிக்கும். அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

வாட்ஸப் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு அவசியம். ஜெபக் குழுவில் வைத்தியம் கூடாது. அந்த வருஷம் எங்கள் குழுவில் வந்த கஷாயங்களைக் குடித்திருந்தால் வயிறு ஓட்டையாகியிருக்கும். ஜெப விண்ணப்பம் என்று ஒருவர் வீட்டு வியாதியை எல்லோருக்கும் தெரியப் போடுவதும் வேண்டாம். அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, ஐயர் படத்தை வைத்துக்கொண்டு புது நம்பரிலிருந்து "அவசரமாகப் பணம் அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால், அவருடைய பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது. ஊரெங்கும் நடக்கிற மோசடி அது.

காணிக்கைக்குக் கட்டம் போட்ட படம் ஒன்றை அனுப்பி, போனைக் காட்டினால் பணம் போய்விடும் என்றார்கள். இளசுகளுக்குச் சௌகரியம். ஆனால் பத்து ரூபாய்த் தாளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து பையில் போடுகிற ஆச்சிகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் காகித உறை கொடுத்து வைத்தோம். வாரா வாரம் போட்டு வைத்திருந்து, திறந்த பிறகு கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோவோம். மிசோராம் சபைப் பெண்களும் 1910-லிருந்து இப்படிச் செய்கிறார்கள். பூட்டுக் காலத்தில் கோயிலுக்குப் போக வழியில்லாத அந்த அரிசியைத் தெருவுக்கு ஒரு வீட்டில் சேர்த்து, கூலி வேலை நின்றுபோன வீடுகளுக்கு ராத்திரியில் கொடுத்தோம். ராத்திரி ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

மனசை அறுத்தது அடக்க ஆராதனைதான். இருபது பேருக்கு மேல் கூடாது. மகள் மஸ்கட்டில், விமானம் இல்லை. அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோவதை அவள் போனில் பார்த்தாள். அதிலிருந்து தெரிந்துகொண்டது கொஞ்சம். போனைப் பிடிக்கக் குடும்பத்தைச் சேராத ஒருவர் வேண்டும். அழுகிற பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. முகத்தை ஒரு தடவை நன்றாகக் காட்ட வேண்டும், அவசரப்படக் கூடாது. சார்ஜ் போட்டு வைத்திருக்க வேண்டும். மண் போட்டு முடிந்ததும் பட்டென்று அணைத்துவிடாமல் யாராவது அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு ஐயரம்மா அவளோடு ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு அறையில் அவள் தனியாக இருந்தாள்.

சகோதரியின் ஊரில் இப்போது தடை ஒன்றும் இல்லை, கூரைதான் இல்லை. அதனால் எல்லாவற்றையும் செல்போனுக்குள் திணிக்க வேண்டாம். தெருவுக்கு ஒரு வீட்டில் ஐந்தாறு குடும்பமாகக் கூடி, ஒரே போனைப் பெரிதாக வைத்துச் சேர்ந்து பாருங்கள். போன் இல்லாத பெரியவர்களை அழைத்து வரப் பிள்ளைகளை அனுப்புங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலையாகவும் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைப் போன். எங்கள் சபையில் இன்றைக்கும் அது நிற்கவில்லை. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு நடக்கிறது. மூன்றாவது பெஞ்சு ஆச்சியும் இப்போது பட்டன் போனில் கூப்பிடக் கற்றுக்கொண்டு, நாலு பேரைத் தன் பங்குக்கு எடுத்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் விடமாட்டார்கள்!

இன்னும் ஒன்று. எங்கள் கோயில்பிள்ளை அந்த மாதங்கள் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மணியை அடித்துக் கொண்டேயிருந்தார். கேட்டதும் எல்லா வீட்டிலும் போனைத் திறப்போம். உங்கள் ஊரில் மணிக்கூண்டைப் பிரிக்கவில்லை என்றால், கொத்தனாரிடம் சொல்லிக் கயிற்றை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.