கொத்து என்னும் சொல்லும் வீட்டு இராச்சாப்பாடும்

உணவைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அன்னார் சிறுபாணாற்றுப்படையையும் பெரும்பாணாற்றுப்படையையும் மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. பசித்து வந்த பாணனுக்கு வழி சொல்லப் புகுந்த புலவர், எந்நிலத்தில் எக்குடியார் எதைச் சமைத்து இடுவர் என்பதையும் வழியின் அடையாளமாக வைத்தனர். ஒரு நாட்டை அறியவேண்டுமாயின் அதன் அடுப்படியையும் அறியவேண்டும் என்பது அவர்தம் கொள்கை போலும். அக்கொள்கையைத் துணையாகக் கொண்டு, மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் அந்தி சாய்ந்ததும் கேட்கின்ற ஓர் ஓசையைப் பற்றிச் சில கருத்துக்களை ஈண்டு எழுதத் துணிகின்றேன். இரும்புத் தட்டின் மேல் இரு தகடுகள் மாறி மாறி விழும் ஓசை அது, கொத்துரொட்டியின் ஓசை.

கொத்துரொட்டியை அறியாதார் இன்று இலங்கையில் அரியர். வீச்சுரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, முட்டை ஆகியவற்றோடு சேர்த்து, இறைச்சிக் கறியை ஊற்றிக் கொத்திக் கலந்து சுடச்சுடத் தருவது அது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, இலண்டனிலும் கனடாவின் ஸ்காபரோவிலும் நம்மவர் நடத்தும் கடைகளிலே அது விலையாகின்றது. அது கிழக்கிலங்கையின் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளிலே தோன்றியது என்பது பரவலாக வழங்கும் பேச்சு. பிறப்புக் கதை எதுவாயினும், அதன் அமைப்பே அதன் குணத்தைச் சொல்லிவிடும். சிறிதளவு இறைச்சியைப் பலருக்குப் பங்கிடவல்ல உணவு அது.

இத்தகைய உணவு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலே ‘ஸ்லொப்பி ஜோ’ என்று ஒன்று உண்டு. அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி, தக்காளிக் குழம்பில் வேகவைத்து, பிளந்த பணிசின் நடுவே அள்ளி வைத்துத் தருவர். கடிக்குந்தோறும் குழம்பு வழிந்து கையெல்லாம் படுவதால் அப்பெயர் அதற்குப் பொருந்திவிட்டது. கைச்செலவைச் சுருக்கிப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்ப வேண்டிய தாய்மார்க்கு அது பெருந்துணையாயிற்று. 1969 ஆம் ஆண்டிலே அதற்குரிய குழம்பு ‘மான்விச்’ என்னும் பெயருடன் தகரப் பேணியில் அடைபட்டுக் கடைக்கு வந்தது. அதன்பின் வீட்டிலே குழம்பு கூட்டுவதா, பேணியைத் திறப்பதா என்ற கேள்வி அந்நாட்டு இல்லங்களிலும் எழுந்தது. கடற்கு அப்பாலுள்ளோர் பணிசையும் இறைச்சியையும் கொண்டு செய்ததையே நம்மவர் ரொட்டியையும் கறியையும் கொண்டு செய்தனர் என்று கூறினால் பிழையாகாது.

நிற்க. கொத்துரொட்டியை வீட்டுச் சமையலில் சேர்த்துக்கொள்ளப் படித்தவர் சிலர் தயங்குகின்றனர். “இது நம் மரபன்று, கடைத்தெருவில் வந்த சரக்கு” என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் உரைகல்லில் நில்லாது. நம் கறிக்கு உயிராகிய மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் முன்னோர்க்கு மிளகே காரம். காலைதோறும் நாம் வாங்கும் பாண், பெயரோடு கூடப் போர்த்துக்கேயர் தந்தது. அம்மொழியின் வழிவந்த பேச்சு ஒன்றை இம்மட்டக்களப்பிலே பறங்கியர் குடும்பங்கள் சில இன்னும் போற்றி வருகின்றன. வந்த பொருளை வாங்கி, நம் அம்மியிலும் சட்டியிலும் இட்டு நமதாக்கிக்கொண்ட திறமைதான் மரபு. அத்திறமை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தால் போற்றுவதும், நம் காலத்தில் தோன்றினால் இகழ்வதும் நடுவுநிலை ஆகா.

‘கொத்து’ என்னும் சொல்லையே சிறிது எண்ணிப் பார்ப்போம். கொத்துதல் என்றால் வெட்டிச் சிதைத்தல்; மண்வெட்டி கொண்டு நிலத்தைக் கொத்துகிறோம். பூங்கொத்து, சாவிக்கொத்து என்னும்போதோ பலவற்றை ஒன்றாகச் சேர்த்தல் என்று பொருள்படுகின்றது. பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் ஒரே சொல்! இன்னும் ஒன்று. நம் நாட்டிலே கொத்து என்பது அரிசி அளக்கும் அளவுமாகும். 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் நாள் இலங்கை முழுவதும் ஹர்த்தால் நிகழ்ந்து அரசாங்கமே ஆட்டங்கண்டது. ஒரு கொத்து அரிசி அத்துணைப் பெரியது. அளத்தல், சேர்த்தல், வெட்டுதல் ஆகிய மூன்றும் அடங்கிய இச்சொல்லினும் குடும்பச் சமையலுக்குப் பொருத்தமான சொல் வேறுண்டோ?

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். ஐவர் அடங்கிய குடும்பத்தின் இராச்சாப்பாட்டுக்கு என் வீட்டில் நான் கொள்ளும் கணக்கு இது: கோதுமை மா அரைக் கிலோ, எலும்பு நீக்கிய கோழியிறைச்சி கால் கிலோ, முட்டை மூன்று, பெரிய வெங்காயம் இரண்டு, கோவாவும் கரட்டும் லீக்ஸும் அரிந்தெடுத்தால் இரு கோப்பை. மாவை உப்பும் நீரும் சேர்த்து மென்மையாகப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி இரண்டு மணி நேரமேனும் ஊறவிடவேண்டும். அவ்வூறலிலேதான் மா இழுபடும் தன்மையைப் பெறுகின்றது. கடைக்காரரைப்போல் காற்றிலே வீசத் தெரியாதவர் பலகையில் வைத்துக் கையால் மெல்லிதாகத் தட்டினாலும் போதும். சுட்ட ரொட்டியை ஆறவிட்டு அரிதல் வேண்டும். சூட்டோடு அரிந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். கறியும் முன்னரே வற்றிய பதத்தில் இருத்தல் நலம். தாச்சியிலே மரக்கறிகளை வதக்கி, முட்டையை ஊற்றிக் கிளறி, ரொட்டியும் கறியும் சேர்த்து, ஒரு பேணியின் விளிம்பால் கொத்திவிட்டால் முடிந்தது. இறால் கிடைக்கும் நாளில் இறைச்சி வேண்டுவதில்லை. மாட்டிறைச்சி உண்ணாத இல்லத்தார் கோழியை இடுவர். ஊனே உண்ணாதார் பலாக்கொட்டையையும் கடலையையும் இடுவர். எல்லார்க்கும் இடங்கொடுக்கும் உணவு இது.

இதன் சிக்கனத்தை 2022 ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. எரிவாயு கிடைக்காமையால் விறகடுப்புக்கு மீண்ட வீடுகள் எண்ணில. கடையில் ஒரு பொதி வாங்கும் காசில் வீட்டிலே எத்தனை வாய்க்கு உணவாகும் என்று தாய்மார் கணக்கிட்ட காலம் அது. கால் கிலோ இறைச்சி தனித்துக் கறியாக வந்தால் மூத்தவன் தட்டுக்கும் இளையவள் தட்டுக்கும் துண்டுக்கணக்கு எழும். கொத்தியபின் அக்கணக்கு இல்லை. யார் தட்டிலும் எல்லாம் இருக்கும்.

இதுகாறும் கூறியவற்றை மறுப்பார் பலர் இரார். ஆயின், வீட்டிலே செய்வது நன்று என்ற இக்கருத்தையே வேறொரு நோக்கத்தோடு சொல்வாரும் நம்மிடையே உளர். “அவர்கள் கடையில் என்ன கலக்கிறார்களோ, நாமே செய்துகொள்வோம்” என்று குரலைத் தாழ்த்திக் கூறுவர். அவர் கூற்றைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் எழுவான்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையில் மணிகள்போல் மாறி மாறிக் கோக்கப்பட்டுள்ளன. இரு சாராரும் பேசுவது தமிழ். தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு. மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இரு சாராருக்கும் பொது. குழம்பை முஸ்லிம் சகோதரர் ‘ஆணம்’ என்பர். நம் அகராதிகள் பொதிந்து வைத்த பழந்தமிழ்ச் சொல் அது. தமிழாசிரியர் வீட்டில் மறைந்துபோன சொல் பக்கத்து ஊர் அடுக்களையில் உயிரோடிருக்கின்றது. இவ்வளவு பொதுமை இருந்தும், 1990 இல் நேர்ந்த கொடுமைகள் இவ்வூர்களுக்கிடையே மதில் எழுப்பின. அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுநின்றோர் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தார் குழந்தைகளோடு கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டபின், முஸ்லிம் கடைகளில் ஒன்றும் வாங்கற்க என்ற குரல் நாட்டின் பல பக்கங்களிலும் எழுந்தது. துயரம் உண்மையானது; அத்துயரத்தை நான் சிறிதாக்க முயலவில்லை. ஆயினும் கொலை செய்தவனின் குற்றத்தை ரொட்டி வீசுபவன் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அம்பாறை நகரமே சான்று. 2018 பெப்ருவரி 26 ஆம் நாள் இரவு, அங்கே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ண வந்த ஒருவர், உணவில் ஏதோ ஒரு கட்டியைக் கண்டார். அது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்ற பேச்சுப் பரவிற்று. கூட்டங்கூடிக் கடையை உடைத்தனர், பள்ளிவாசலையும் தாக்கினர். அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்து கூறிய முடிவு யாது? அது மாத்திரையன்று, வெறும் மாக்கட்டி.

மாக்கட்டி! ஒரு நாளேனும் தன் கையால் மா பிசைந்தவர் அதைக் கண்டு அஞ்சுவரோ? நீர் ஓரிடத்தில் குறைந்தால் மா கட்டிபடும். கறியைத் தடிப்பாக்கத் தூவிய மா கரையாமல் திரளும். என் வீட்டுத் தாச்சியிலும் எத்தனையோ முறை திரண்டிருக்கின்றது. அன்று அக்கடைமுன் கூடியவர்களுள் மா பிசைந்து பழகிய கைகள் பத்து இருந்திருந்தால், ‘இது மாவடா’ என்று ஒருவரேனும் சொல்லியிருப்பார் அல்லரோ? வதந்தி அறியாமையிலே விளைவது. அடுக்களையிலே பெற்ற அறிவும் அறிவுதான்; அது ஊரைக் காக்கும் வேளையும் உண்டு.

ஆதலால், கொத்துரொட்டியை வீட்டிலே செய்யுங்கள் என்று நானும் கூறுகின்றேன். ஆனால் அயலானை ஒதுக்குவதற்காக அன்று, அவன் தொழிலை அறிவதற்காக. தானே ஒருமுறை வீசிப் பார்த்து ரொட்டி கிழிந்தவனுக்குத்தான் கடைக்காரனின் கைத்திறம் விளங்கும். இருநூறு பொதி கொத்தியவனின் தோள் எவ்வளவு நோகும் என்பது, ஐவருக்குக் கொத்தியவனுக்கே தெரியும்.

கடையுணவில் எண்ணெயும் உப்பும் மிகுதி, துப்புரவு போதாது என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. சுகாதாரப் பரிசோதகர் கடமையைச் செய்யவேண்டும். குறை கண்டவர் கடைக்காரனிடம் நேரே சொல்லவேண்டும். ஆனால் அக்கவலை எல்லாக் கடைக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தன் இனத்தான் கடையில் ஈ மொய்ப்பதைக் காணாத கண், பிறனுடைய கடையில் மட்டும் மாத்திரையைக் காணுமாயின், நோய் உணவில் இல்லை, கண்ணில் இருக்கின்றது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனையியற் பாடத்திலே நம் பிள்ளைகளுக்கு இவ்வுணவைச் செய்யக் கற்பியுங்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்று, ஆண்பிள்ளைகளுக்கும். கடையிலே கொத்துபவர் பெரும்பாலும் ஆடவராயிருக்க, வீட்டிலே மட்டும் அது பெண்ணின் வேலை என்பதற்கு நியாயம் இல்லை. தமிழ்ப் பாடத்திலே, படுவான்கரையிலும் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் வழங்கும் அடுக்களைச் சொற்களைத் திரட்டி வரச் சொல்லுங்கள். ஆணத்தைப் போல் இன்னும் எத்தனை சொற்கள் அச்சேறாமல் ஆவியோடு கலந்துகொண்டிருக்கின்றனவோ! அவற்றைத் திரட்டப் போகும் மாணவன் அயலூர் வீட்டுப் படியேறவேண்டும். படியேறினால் ஒரு வாய் உண்ணாமல் திரும்ப விடமாட்டார்கள். இக்கரையின் வழக்கம் அது.

ஆறு நாள் வீட்டிலே சமைப்போம். ஏழாம் நாள் குடும்பத்தோடு அயலூர்க் கடையில் அமர்ந்து உண்போம். பிள்ளைகள் அந்தத் தகட்டோசையை அருகிருந்து கேட்கட்டும். கொத்து என்னும் சொல்லின் இரு பொருளுள் எதனை அவர்கள் கைக்கொள்வார்கள் என்பது, நாம் இன்று அவர்களை எங்கே அழைத்துச் சென்று உண்பிக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.