மரக்காணத்துல கூடாரம் போடுறீங்களா? முதல்ல லைட்டை அணைங்க!

விழுப்புரம், திண்டிவனம் சொந்தங்களே!

லீவு கிடைச்சா குடும்பத்தோட ஒரு ராத்திரி கடற்கரையில தங்கணும்னு ஆசைப்படாத பிள்ளைங்க உண்டா? அதுக்குக் கோவா போக வேண்டாம். நம்ம மாவட்டத்துலயே மரக்காணம் இருக்கு. பொழுது விடிஞ்சதும் பறவை காட்ட, 2021-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் பக்கத்துலயே இருக்கு.

ஆனா ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மணலுக்கு இன்னொரு சொந்தக்காரர் வருவார். பங்குனி ஆமை! இரவில் கரையேறி, குழி தோண்டி, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். கடல் பக்கம் தெரியும் மெல்லிய வெளிச்சமே குஞ்சுக்கு வழிகாட்டி. நாம ஃபோகஸ் லைட் போட்டா, கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்ச் சாகும்.

தாய் ஆமை கரை சேர்வதே பெரும்பாடு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறக்க முடியுமா? இழுவை வலையில் சிக்கிய ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அதைக் கறாராக அமல்படுத்தினால் ஆமையும் பிழைக்கும், நாட்டுப்படகு மீனவரும் பிழைப்பார்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டே: கடலில் கண்காணிப்பு, ஆமை சீசனில் கரையில் இருட்டு.

உங்களிடம் கேட்பது இதுதான்: லைட்டை அணைங்க. குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. ஆமையைப் பார்த்தா செல்ஃபி வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்க.

பகிருங்கள் உறவுகளே!