முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்

பேத்தி சக்கரக் காலணி கேட்டாள். ஒரே வரிசையில் நாலு சக்கரம் உள்ளது. இன்லைன் ஸ்கேட் என்கிறார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க? விழுந்து கைகால் ஒடிஞ்சா?" என்றாள் வீட்டுக்காரி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'பத்தேன் அ ரூலெத்' என்று பாடத்தில் வாசித்ததோடு சரி, நான் காலில் மாட்டியதில்லை. அன்றைக்கும் வீட்டில் இதே கேள்விதான்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் பந்தயத்தில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். அந்த நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். விழாமலா அங்கே போயிருப்பார்கள்?

ஆகவே நான் பேத்தி கட்சி. ஆனால் காலணிக்கு முன்பே தலைக்கவசமும், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளும் வாங்கிவிட வேண்டும். லாரி போகும் ரோடு வேண்டவே வேண்டாம். அறுப்பு முடிந்து சும்மா கிடக்கும் சிமெண்டுக் களத்தைக் கூட்டிவிட்டால் போதும். முதல் பாடம் விழுவதுதான்: முழங்காலை மடக்கி முன்பக்கம் விழ வேண்டும். மல்லாக்க விழுந்தால் இடுப்புக்கும் தலைக்கும் ஆபத்து.

களத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு தரம் விழுந்தாள். ஐந்தாம் தரம் மறுகோடி வரை போய்விட்டாள். கைதட்டியது வீட்டுக்காரிதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், நம் பயத்தைப் பதிலாகச் சொல்லாதீர்கள். கூடப் போய் நில்லுங்கள்.