அண்ணா பல்கலைக்கழகம்: ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

1794-ல் கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் ஒரு சர்வே பள்ளி. 1978-ல் அந்தக் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகமாயின. ராமேஸ்வரத்திலிருந்து மர்ஹூம் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிக்க வந்தது அந்த எம்.ஐ.டி.க்குத்தான். கட்டணம் கட்ட அவருடைய சகோதரி தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த வரலாறு நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது.

இந்தப் பல்கலைக்கழகத்தை முன்னணி ஆய்வு நிறுவனமாக உயர்த்த ஒரு வாய்ப்பு வந்தது. மத்திய அரசு 2017-ல் அறிவித்த 'உயர் சிறப்பு அந்தஸ்து' திட்டத்தில், தேர்வாகும் அரசு நிறுவனத்துக்கு 1,000 கோடி ரூபாய் வரை கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் மீதிச் செலவை மாநிலம் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 69 சதவீத இட ஒதுக்கீடு பாதிக்கப்படும், கட்டணம் உயரும் என்ற அச்சமும் எழுந்தது. 2020 அக்டோபரில் தமிழக அரசு அந்த அந்தஸ்து வேண்டாம் என்று அறிவித்தது.

அந்த அச்சம் நமக்கும் உரியதே. 2007 முதல் முஸ்லிம்களுக்குக் கிடைத்துவரும் 3.5 சதவீதம் அந்த 69-க்குள்தான் அடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் நுழையும் கதவை அடைத்துவிட்டு வரும் உயர்வு யாருக்கு? எனவே அன்றைய முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேண்டாம் என்று சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. அந்தப் பணத்துக்கு ஈடாக ஆய்வுக்கூடங்களுக்கும் பேராசிரியர் நியமனங்களுக்கும் மாநிலமே வழி செய்ய வேண்டும். மாறாக, 2024 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின், ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் அந்த நாற்காலி நீண்ட காலம் காலியாகவே கிடந்தது.

தேசிய அளவிலும் நிலைமை இதுதான். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாவது ஒரு சதவீதம்கூட இல்லை. தென் கொரியா நான்கு சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் கைகொடுத்த மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மற்ற திட்டங்கள் இருக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். வருமானமில்லாத வீட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வரும் பிள்ளைக்கு மாதாமாதம் வரும் அந்தத் தொகைதான் சோறும் விடுதி வாடகையும்.

அரசைக் கேட்கும் அதே வேளையில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒதுக்கீட்டில் இடம் வாங்கி பி.இ. முடித்த மகனை உடனே வளைகுடாவுக்கு அனுப்புகிறோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். "இன்னும் நாலைந்து வருஷம் படிப்பா?" என்ற கேள்வியில் பல ஆய்வாளர்கள் உருவாகாமலே போய்விடுகிறார்கள். குடும்பக் கஷ்டம் உண்மைதான். அதைத் தாங்க வேண்டியது ஜமாஅத்.

இமாம் கஸ்ஸாலி பாடம் நடத்திய பக்தாத் நிஜாமிய்யா வக்ஃபு வருமானத்தில் நடந்தது. மாணவர்களின் உணவும் தங்குமிடமும் அதிலிருந்தே வந்தன. ஆலிம்களும் ஆய்வாளர்களும் அப்படித்தான் உருவானார்கள். இன்று நம் ஊர் அறக்கட்டளைகள் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகின்றன, நல்ல காரியம். அதில் ஒரு பங்கை, ஊருக்கு ஒரே ஓர் ஆய்வு மாணவருக்காவது, படிப்பு முடியும்வரை ஒதுக்கினால் என்ன?

ஒதுக்கீடு நம்மை வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. உள்ளே போய் ஆய்வு மேசையில் உட்கார்வதற்கு வீட்டின் பொறுமையும் ஊரின் உதவியும் வேண்டும். கலாமுக்காகக் கழன்ற வளையல்களைப் பெருமையோடு பேசும் நாம், அடுத்த பிள்ளைக்காக என்ன கொடுக்கப் போகிறோம்?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.