விமானத்துறை ஊழியர்களுக்கான மது, போதைப்பொருள் பரிசோதனை: தண்டனை மட்டும் தீர்வாகுமா?

பஸ்ஸில் ஏறும் பயணிக்குச் சாரதியின் முகம் தெரிகின்றது. அவரது பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிக்கொள்ளும் வாய்ப்பாவது உண்டு. விமானத்தில் ஏறுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பூட்டிய கதவுக்கு அப்பால் அமர்ந்திருக்கும் விமானி, முந்திய இரவு இயந்திரத்தைப் பழுதுபார்த்துக் கையொப்பமிட்ட தொழில்நுட்பவியலாளர், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து வழிகாட்டும் அதிகாரி ஆகிய எவரையும் அவர் காண்பதில்லை. இவர்கள் அனைவரும் தெளிந்த சித்தத்துடன் கடமையாற்றுகின்றனர் என்ற நம்பிக்கையே அவரது பயணச்சீட்டின் உண்மையான பெறுமதியாகும். மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்பவரும், புனித ஹஜ் யாத்திரிகரும், புலம்பெயர்ந்த பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதிய பெற்றோரும் இந்த நம்பிக்கையுடனேயே கட்டுநாயக்கவில் இருந்து புறப்படுகின்றனர்.

இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கென உலக நாடுகள் பலவும் விமானத்துறை ஊழியர்களை மது மற்றும் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுத்தி வருகின்றன. ஆயினும் பரிசோதனைகள் கடுமையாக்கப்பட்ட பின்னரும் சம்பவங்கள் ஓய்ந்துவிடவில்லை. ஒழுங்குக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் முன்னணி விமான நிறுவனமான ஜப்பான் எயார்லைன்ஸில் 2024 டிசெம்பரில் மெல்பேர்னில் இருந்து புறப்படவிருந்த விமானமொன்று, விமானிகள் இருவர் முதல்நாள் அருந்திய மதுவின் காரணமாக மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் தாமதமானது. 2025 ஓகஸ்டில் ஹொனலுலுவில் அதே நிறுவனத்தின் விமானி ஒருவர் மது அருந்தியமையால் மீண்டும் விமானசேவைகள் பாதிக்கப்பட்டன. சட்டமும் கருவியும் இருந்தும் இவ்வாறு நிகழ்வது ஏன் என்ற கேள்வி இங்கு எழுகின்றது.

இவ்விடயத்தின் வரலாறு இழப்புகளின் வரலாறாகும். 1961 ஜனவரியில் பின்லாந்தில் டி.சி.-3 ரக விமானமொன்று வீழ்ந்து அதிலிருந்த 25 பேரும் உயிரிழந்தபோது, விமானிகள் இருவருமே மது அருந்தியிருந்தமை விசாரணையில் தெரியவந்தது. 1977 ஜனவரியில் அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில், கால்நடைகளை ஏற்றிய ஜப்பானிய சரக்கு விமானம் மேலெழுந்த சில கணங்களில் வீழ்ந்து ஐவர் பலியாகினர். அதன் தலைமை விமானி கடும் போதையில் இருந்தார். 1988 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 9 பேரைப் பலிகொண்ட விபத்தில், விமானி விபத்துக்கு முன்னர் கொக்கெய்ன் பாவித்திருந்தமை கண்டறியப்பட்டது. 2008 செப்டெம்பரில் ரஷ்யாவின் பேர்ம் நகரில் போயிங் 737 விமானம் வீழ்ந்து 88 பேர் உயிரிழந்த சம்பவத்திலும் தலைமை விமானியின் உடலில் மதுசாரம் காணப்பட்டது. விமானப் பயணங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் இவை சிலவே. எனினும் இவற்றில் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக் கூடியது என்பதே வேதனைக்குரியதாகும்.

பரவலான கட்டாயப் பரிசோதனைக்கு வழிகோலிய நாடு அமெரிக்கா ஆகும். அங்கு இதற்குத் தூண்டுகோலாக அமைந்தவற்றில் ரயில் விபத்துகளும் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது. 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் 16 பேரைப் பலிகொண்ட ரயில் மோதலில், எஞ்சின் சாரதி கஞ்சா பாவித்திருந்தமை தெரியவந்தது. 1988 இல் விமானத்துறையில் போதைப்பொருள் பரிசோதனைக்கான விதிகள் வெளியிடப்பட்டன. 1990 மார்ச்சில் நோர்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் விமானத்தைச் செலுத்திவந்த மூவரும் மதுபோதையில் இருந்தமைக்காகத் தரையிறங்கியதும் கைதுசெய்யப்பட்டனர். 1991 ஓகஸ்டில் நியூயோர்க் சுரங்க ரயில், மது அருந்திய சாரதியின் கையில் தடம்புரண்டு ஐவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில், போக்குவரத்துத் துறை ஊழியர்களை மதுப் பரிசோதனைக்கும் உட்படுத்தும் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் கீழ் விமானிகள் மாத்திரமன்றி விமானப் பணிப்பெண்கள், பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளர்கள், பறப்புகளை நெறிப்படுத்துவோர், பாதுகாப்புச் சோதனையாளர்கள் ஆகியோரும் பரிசோதிக்கப்படுகின்றனர். கடமைக்கு 8 மணித்தியாலங்களுக்கு முன்னரே விமானி மதுவை நிறுத்திவிட வேண்டும். இரத்தத்தில் மதுசாரம் 0.04 வீதத்தை எட்டக்கூடாது. எழுந்தமானமாகத் தெரிவுசெய்து பரிசோதிக்கும் அளவிலும் ஒரு நியாயம் பின்பற்றப்படுகின்றது. ஆண்டுக்கு 50 வீத ஊழியர்களைப் போதைப்பொருளுக்காகப் பரிசோதிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தொடர்ந்து இரு ஆண்டுகள் மீறல்கள் ஒரு வீதத்துக்குக் குறைவாக இருப்பின் அதனை 25 வீதமாகக் குறைக்கலாம். துறை தன்னைத் திருத்திக்கொண்டால் அதன் மீதான சந்தேகமும் குறையும் என்பதே இதன் உட்பொருளாகும்.

குற்றம் செய்தவர் என்ற சந்தேகமே இல்லாத ஒருவரின் இரத்தத்தையும் சிறுநீரையும் கேட்டுப் பெறும் உரிமை அரசுக்கு உண்டா என்ற வினா அன்று நீதிமன்றம் வரை சென்றது. 1989 இல் ரயில்வே ஊழியர் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில், பொதுமக்களின் பாதுகாப்பு தனிமனிதரின் அந்தரங்க உரிமையை விஞ்சும் எனப் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். நீதியரசர் தேர்குட் மார்ஷல் அதனை எதிர்த்துத் தனித் தீர்ப்பு எழுதினார். நெருக்கடியைக் காரணம் காட்டி உரிமைகள் சுருக்கப்படுவதன் விளைவை நன்கறிந்த எமது நாட்டு மக்களுக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. எனினும் நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்பவரிடம் அதிக பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமே. எதிர்பார்க்கும் முறை நீதியானதா என்பதிலேயே சிக்கல் உள்ளது.

நாடுகளிடையே எல்லைகள் வேறுபடுவதும் கவனத்துக்குரியது. 2003 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தின்படி விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 20 மில்லிகிராம் மதுசாரமே எல்லை. ஆனால் விமானத்தைப் பழுதுபார்க்கும் அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளருக்கு அது 80 மில்லிகிராம். இங்கிலாந்தின் வீதிகளில் கார் ஓட்டுபவருக்குரிய எல்லையும் அதுவேயாகும். தவறாக முடுக்கப்பட்ட ஓர் ஆணி ஆகாயத்தில் செய்யக்கூடிய தீங்கு, விமானியின் தவறுக்குச் சற்றும் குறைந்ததல்ல. இந்தியாவோ விமானிகளுக்குப் பூச்சிய எல்லையை விதித்து, பறப்புக்கு முன் 12 மணித்தியாலங்கள் மதுவைத் தவிர்க்குமாறு கோருகின்றது. முதல் மீறலுக்கு மூன்று மாதங்களும் இரண்டாவதற்கு மூன்று ஆண்டுகளும் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும்; மூன்றாவது மீறலுடன் அது இரத்தாகும். 2018 நவம்பரில் எயார் இந்தியாவின் செயற்பாட்டுப் பணிப்பாளராக இருந்த சிரேஷ்ட விமானியே இவ்விதியின் கீழ் மூன்று ஆண்டு இடைநிறுத்தத்துக்கு உள்ளானார். பதவியின் உயரம் பரிசோதனைக் கருவிக்குத் தெரிவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இருப்பினும் கருவி மட்டும் போதுமானதல்ல என்பதை 2018 ஒக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நிகழ்ந்த சம்பவம் உணர்த்தியது. ஜப்பான் எயார்லைன்ஸின் துணை விமானியின் இரத்தத்தில் 189 மில்லிகிராம் மதுசாரம் இருந்தது. அது சட்ட எல்லையின் ஒன்பது மடங்குக்கும் அதிகமாகும். நிறுவனத்தின் சொந்தச் சோதனையோ உடனிருந்த சக விமானிகளோ அவரைத் தடுக்கவில்லை. ஊழியர்களை ஏற்றிச் சென்ற வாகனச் சாரதி மணத்தை உணர்ந்து அறிவித்ததாலேயே விடயம் பொலிஸாருக்குச் சென்றது. அவ்விமானிக்குப் பத்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜப்பான் கட்டாய சுவாசப் பரிசோதனையை அறிமுகப்படுத்தியது. மூத்தவரின் தவறைச் சுட்டிக்காட்டத் தயங்கும் மனோபாவமும், சக ஊழியரைக் காட்டிக்கொடுக்கலாகாது என்ற பிழையான விசுவாசமும் நீடிக்கும் வரை எந்தக் கருவியும் முழுப் பயன் தரப்போவதில்லை.

எமது நாடும் இதற்கு விலக்கல்ல. 2016 ஓகஸ்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் இருந்து கொழும்புக்குப் புறப்படவிருந்த ஸ்ரீலங்கன் விமானத்தின் தலைமை விமானி சுவாசப் பரிசோதனையில் தேறாமையால், அவ்விமானம் சுமார் 15 மணித்தியாலங்கள் தாமதமானது. பயணிகள் அவதியுற்றனர், நாட்டின் நற்பெயருக்கும் களங்கம் ஏற்பட்டது. ஆயினும் அன்று அந்தப் பரிசோதனை நடந்திராவிடின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதையே நாம் முதலில் சிந்திக்க வேண்டும்.

பரிசோதனையின் மறுபக்கத்தையும் நோக்குதல் அவசியமாகும். சுவாசப் பரிசோதனை அந்நேரத்து நிலையைக் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனை அவ்வாறல்ல. கஞ்சாவின் எச்சங்கள் நாட்கணக்கிலும், தொடர்ந்து பாவிப்பவரிடம் வாரக்கணக்கிலும் உடலில் தங்குகின்றன. ஆகவே அது முன்னொரு நாள் பாவித்ததைக் காட்டுமேயன்றி, கடமை நேரத்தில் மதி மயங்கியிருந்தாரா என்பதைக் காட்டாது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா, விமானிகள் கடமைக்கு முன் 28 நாட்கள் அதனைத் தொடக்கூடாது என 2019 இல் விதித்தமைக்கு இந்நிச்சயமின்மையும் ஒரு காரணம் எனலாம். அபின் செடியின் விதையை உண்டவரின் சிறுநீரிலும் மோர்பின் எச்சம் தென்படலாம். எமது பலூடாவில் இடும் கசகசா வேறு. தமிழ்நாட்டுக் குழம்புகளில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவே இது. இத்தகைய உணவால் நிரபராதிகள் சிக்கக்கூடாது என்பதற்காக அமெரிக்கா 1998 இல் அந்த அளவெல்லையை 300 நனோகிராமில் இருந்து 2000 ஆக உயர்த்தியது. மதுவையே தொடாத ஒருவரும் வாய் கொப்பளிக்கும் திரவத்தால் சுவாசப் பரிசோதனையில் சிக்க நேரலாம். மார்க்க நெறியின்படி மதுவை முற்றாக விலக்கி வாழும் ஓர் ஊழியருக்கு அது தொழிலை மட்டுமன்றி மானத்தையும் பறிக்கும் விடயமாகும்.

ஆகையினால் நடைமுறையில் உள்ள பாதுகாப்புகளே ஒரு பரிசோதனையின் நேர்மையைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க முறையில் முதற் சுவாசப் பரிசோதனை எல்லையைக் காட்டினால், குறைந்தது 15 நிமிடங்களின் பின்னர் உறுதிப்படுத்தும் பரிசோதனை நடைபெற வேண்டும். சிறுநீர் மாதிரி இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. முடிவை ஏற்காத ஊழியர், அது தமக்கு அறிவிக்கப்பட்டு 72 மணித்தியாலங்களுக்குள் இரண்டாவது மாதிரியை வேறோர் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்குமாறு கோரலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து காரணமா என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் ஆராய்ந்த பின்னரே முடிவு நிறுவனத்துக்குச் செல்கின்றது. இத்தகைய ஏற்பாடுகள் இல்லாத பரிசோதனை, தொழிற்சங்கவாதிகளையும் நிர்வாகத்துக்குப் பிடிக்காதோரையும் பழிவாங்கும் கருவியாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

இவற்றை எல்லாம் விட முக்கியமானது, தவறியவர் மீள்வதற்கான வழியாகும். 1990 இல் கைதான நோர்த்வெஸ்ட் விமானி சிறை சென்று, சிகிச்சை பெற்று, மதுவைக் கைவிட்டு, அதே நிறுவனத்தில் மீண்டும் பறந்து ஓய்வுபெற்றார். 2001 இல் ஜனாதிபதி கிளின்டன் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். 1970களில் இருந்து விமானிகள் சங்கமும் நிறுவனங்களும் அரசும் இணைந்து நடத்திவரும் புனர்வாழ்வுத் திட்டத்தின் மூலம் ஆயிரக்கணக்கான விமானிகள் அங்கு பணிக்குத் திரும்பியுள்ளனர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளும், போதைப் பழக்கத்துக்கு உள்ளானவரை இனங்கண்டு பொறுப்பில் இருந்து அகற்றுமாறு கூறுவதோடு, சிகிச்சையின் பின் திரும்பும் வாய்ப்பையும் திறந்து வைத்துள்ளன.

இது வெறும் இரக்கத்தின் பாற்பட்டதல்ல. உண்மையைச் சொன்னால் தொழில் போய்விடும் என அஞ்சுபவர் தனது நோயை மறைப்பார். 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தை மலையில் மோதவிட்டு 150 பேரின் மரணத்துக்குக் காரணமான துணை விமானி, தனது உளநோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில், கடமையில் இல்லாத விமானி ஒருவர் விமானி அறையில் இருந்தவாறே இயந்திரங்களை நிறுத்த முயன்றார். அவர் இரு நாட்களுக்கு முன் போதைக் காளான் உண்டிருந்ததுடன், நெடுநாள் மனவழுத்தத்துக்குச் சிகிச்சை பெறாமலும் இருந்தார். ஜேர்மன்விங்ஸ் அனர்த்தத்தின் பின் ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் வகுத்த விதிகள், எதிர்பாராத மதுப் பரிசோதனையையும் விமானிகளுக்கான உளநல உதவித் திட்டத்தையும் ஒன்றாகவே கட்டாயமாக்கியமை இந்தப் படிப்பினையால் ஆகும்.

வளரும் நாடுகள் கருத்திற் கொள்ளவேண்டிய மற்றுமொரு விடயமும் உண்டு. அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் வெளிநாட்டுத் தளங்களின் ஊழியர்களும் மது, போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2024 டிசெம்பரில் வெளியிட்டு, மூன்று ஆண்டு அவகாசம் அளித்தது. சொந்தச் சட்டமும் சொந்த ஆய்வுகூட வசதியும் இல்லாத நாடுகளின் தொழிலாளர்கள், பிறர் வகுத்த விதியின்படி பிறர் நடத்தும் பரிசோதனைக்கு உட்பட நேரிடும். அதனைத் தவிர்க்க விரும்பும் நாடு, சர்வதேச மட்டத்தில் ஏற்கப்படக்கூடிய நேர்மையான முறையொன்றைத் தானே உருவாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனமாகும்.

இலங்கையைப் பொறுத்தவரை, 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் அனுபவம் மிக்க விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பொறியியலாளர்களும் வெளிநாடுகளை நாடிச் சென்றனர். ஆட்பற்றாக்குறை நேரும்போது எஞ்சியிருப்போரின் தோள்களிலேயே சுமை ஏறுகின்றது. தூக்கமின்மையை எந்தச் சுவாசக் கருவியும் அளந்து காட்டுவதில்லை. களைப்பை மறக்க மதுவையும், விழித்திருக்க மாத்திரைகளையும் நாடும் பழக்கம் அங்கிருந்தே ஆரம்பமாகலாம். பணி நேரத்தையும் ஓய்வையும் ஒழுங்குபடுத்தாமல் பரிசோதனையை மாத்திரம் கடுமையாக்குவது, நோயை விட்டுவிட்டு நோயாளியைத் தண்டிப்பதற்கு ஒப்பானதாகும்.

எனவே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் விமான நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து பேசவேண்டிய விடயங்கள் தெளிவானவை. பரிசோதனை விமானிகளோடு நில்லாது, பராமரிப்பு ஊழியர்களையும் கட்டுப்பாட்டாளர்களையும் சமமாக உள்ளடக்க வேண்டும். இரண்டாவது மாதிரிக்கும் மேன்முறையீட்டுக்கும் உள்ள உரிமை எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். கடமைக்கு வருமுன் தாமாகவே முன்வந்து உதவி கோருபவருக்கும், மறைத்துப் பிடிபட்டவருக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருக்க வேண்டும். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் தவறினர் என்ற விபரம், பெயர்கள் இன்றி, ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

கடமை நேரத்து மதுவுக்கு எவ்விதச் சலுகையும் காட்ட முடியாது. அவ்விடயத்தில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் போதையில் வந்தவரை வாசலில் தடுப்பது பாதுகாப்பின் கடைசிப் படியேயாகும். அவர் அந்த வாசலுக்கு அந்நிலையில் வராதிருக்கச் செய்வதே முதற்படி. முதற்படியைக் கட்டாமல் கடைசிப் படியில் மட்டும் காவல் வைக்கும் துறை, என்றோ ஒருநாள் காவலர் கண்ணயரும் வேளையில் பெருவிலை கொடுக்க நேரிடும். அந்த விலையைச் செலுத்தப்போவது, விமானியின் முகத்தையும் கண்டிராத பயணிகளே.