கயிறு பிடிக்கும் கை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் ஆலைகளையே பார்த்துச் செல்லும் நாம், அருகிலுள்ள குன்றுகளை மறந்துவிடுகிறோம். இப்பகுதியின் மலைப்பட்டுக் குன்றிலிருந்துதான் 2021ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி, முத்தமிழ்ச்செல்வி கண்களைக் கட்டிக்கொண்டு 155 அடி கயிற்றில் இறங்கினார். 2023 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் தமிழகப் பெண்மணியும் அவரே. இதைக் கேட்டபின் மலையேற ஆசை கொள்ளாத மாணவி நம்மில் உண்டோ?

ஆசை நல்லதே. ஆனால் நம்மை அழைத்துச் செல்பவர் யார்? விடுமுறை நாளில் ஊதியம் கருதாது கற்றுத்தர வரும் அன்பர்களைப் போற்றுகிறோம். எனினும் ஆர்வம் வேறு, தகுதி வேறு. உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில், அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி இரண்டிலும் 'ஏ' தரம் பெற்றவரே, கற்பிக்கும் முறைக்கான தனிப் பயிற்சியில் சேரலாம். ஏறத் தெரிவதும் ஏற்றிவிடத் தெரிவதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் மாண்டனர். அவர்களுள் பெண்கள் பலர். பாதையை மட்டுமன்றி, காற்றையும் காய்ந்த புல்லையும் அறிந்தவரே வழிகாட்ட வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்தியது. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது.

ஆகவே பெற்றோரே, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: சான்றிதழ் எங்கே பெற்றது? முதலுதவி தெரியுமா? ஒருவர் பொறுப்பில் எத்தனை மாணவியர்? இப்படிக் கேட்பது அவமதிப்பன்று. மெய்யான ஆசிரியர் மகிழ்ந்தே விடை சொல்வார். விடை நிறைவாக இருந்தால், "போய் வா மகளே" என்று வாழ்த்தி அனுப்புங்கள். கேளாமலே "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!