கல்லாவில் கோபம்



இன்றைய வியாபாரத்தில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே கழிகிறது. நேற்றிரவு வர வேண்டிய லோடு இன்று மதியம் வரை வந்து சேரவில்லை. 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தால் ஓ.டி.பி. வருவதில்லை. 'பணம் போட்டாச்சு அண்ணாச்சி' என்று வாடிக்கையாளர் செல்போனைக் காட்டுகிறார். நம் ஸ்பீக்கர் பெட்டியோ வாய் திறப்பதில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். கோபம் வரத்தான் செய்யும். வரவே கூடாது என்று உபதேசம் செய்ய நாம் சாமியார் அல்ல, மொத்த வியாபாரி.

ஆனால் லாரி மேல் வந்த கோபம் லாரியிடம் போவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எடை போடும் பையன் மேல் விழுகிறது. அவன் பதற்றத்தில் துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பைக் கட்டுகிறான். அடுத்து, 'பாக்கி எவ்வளவு?' என்று கேட்கும் பழைய வாடிக்கைக்காரரிடம் வெடுக்கென்று ஒரு சொல். அவர் சண்டை போட மாட்டார். அடுத்த மாதச் சிட்டை எதிர்த் தெரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான். விலையில் பெரிய கடைகளோடு மோத நம்மால் ஆகாது. நம்மிடம் உள்ள முதல், முகமும் வாய்ச்சொல்லும்தான்.

தியானம் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். விபாசனா தியானத்தை இந்தியாவில் பரப்பிய எஸ்.என். கோயங்கா (1924-2013) பர்மாவில் பெரிய வியாபாரியாக இருந்தவர். எந்த மருந்துக்கும் அடங்காத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் பயிற்சிக்குப் போனார். அந்த ஆசிரியரும் துறவி அல்ல, பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர். (வியாபாரி ஒருவர் நிம்மதி தேடிக் கணக்கு அதிகாரியிடம் போனது அந்த ஒரு தடவைதான் இருக்கும்!) அந்தப் பத்து நாள் பயிற்சியில் முதல் மூன்று நாளும் மூச்சு போய் வருவதைக் கவனிப்பதே வேலை.

பத்து நாள் கடையை மூட நம்மால் முடியாது. பத்து மூச்சு முடியும். கண்ணை மூட வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம். அது பாட்டுக்குப் போய் வரட்டும், நாம் எண்ணினால் போதும். தாடை இறுகுவதும் காது சூடாவதும் அப்போது தெரியும். தெரிந்தாலே பாதி இறங்கிவிடுகிறது. போனை அதற்குப் பிறகு எடுங்கள்.

இதில் காசுக் கணக்கும் உண்டு. லாரி வழியில் பழுதானால் இ-வே பில் காலாவதியாகிவிடும். காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம், அதற்குள் டிரான்ஸ்போர்ட்காரர் அதை நீட்டிக்கலாம். டிரைவரைத் திட்டித் தீர்ப்பவருக்கு இதை நினைவுபடுத்தத் தோன்றாது. சோதனையில் லாரி மாட்டிய பிறகு அபராதம் கட்டத்தான் தோன்றும்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. மாதாமாதம் ஒரே தொல்லை என்றால் தேதி, நேரம், பில் நம்பர் குறித்துச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். சங்கத்துக்கு எரிச்சலோடு போன் செய்கிறவர்களின் புகாரில் இந்த மூன்றும் இருப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் போய் நிற்பது?